உலக வறுமைக்குத் தீர்வு கேட்கிறார்கள். எங்கள் தெருவில் பீடி சுற்றும் பெண்களுக்கு நாங்கள் என்ன செய்து தரலாம்?

எழுதியவர்: மெக் மூணாம் வருஷம், குடியாத்தம்

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிக்கிறேன், வீடு குடியாத்தம். நான்கு பேர் சேர்ந்து ஒரு போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கிறோம். உலக வறுமையைக் குறைக்க மாணவர்கள் சொல்லும் புதிய தீர்வு என்பது தலைப்பு. முதல் சுற்றில் பேச வேண்டும், தேறினால் மாதிரி செய்யக் கொஞ்சம் பணம் தருவார்கள், கடைசிச் சுற்று வெளிநாட்டில்.

டீமில் இப்போது மூன்று யோசனை ஓடுகிறது. பீடி சுற்ற கையால் இயக்கும் சின்ன மெஷின். அப்புறம் அகர்பத்தி, ஊறுகாய், லுங்கி என்று வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களை வாங்குபவர்களோடு நேராகச் சேர்த்துவிடும் ஒரு ஆப். மூன்றாவது, ஜவ்வாது மலையில் புளியும் சாமையும் காயவைக்க சோலார் டிரையர். எதை எடுத்தாலும் அதில் ஏஐ இருக்கட்டும், நடுவர்களுக்குப் பிடிக்கும் என்கிறார் எங்கள் கைடு. டீமில் மற்ற மூவருக்கும் பீடி மெஷின்தான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அது எங்கள் பாடத்துக்குள் வருகிறது, வொர்க்‌ஷாப்பிலேயே செய்துவிடலாம்.

எனக்குத்தான் மனசு ஒட்டவில்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கம்பெனி ஏஜென்ட் தரும் இலையை வாங்கிப் பீடி சுற்றுகிறார்கள். பக்கத்து வீட்டு அத்தையிடம் மெஷினைப் பற்றிச் சொன்னபோது, சுற்றுவதை நிறுத்தாமலே கேட்டார்: “மெஷின் வந்துட்டா அத கம்பெனிக்காரன் அவன் எடத்துலயே போட்டுக்குவான், அப்புறம் எனக்கு எதுக்கும்மா எல குடுக்கப் போறான்?” இதற்கு டீமில் யாரிடமும் பதில் இல்லை.

நான் கேட்க வந்தது இரண்டு. வெளிநாட்டில் கல்லூரி மாணவர்கள் இப்படி ஏழைகளுக்காகச் செய்த பொருள் ஏதாவது உண்மையிலேயே நிலைத்திருக்கிறதா, இல்லை எல்லாம் போட்டியோடு முடிந்துவிடுகிறதா? இரண்டாவது, நம் பக்கத்து நிலவரம் தெரிந்தவர்கள், இந்த மூன்றில் எதை எடுக்கலாம், அல்லது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேறு என்ன பார்க்கலாம் என்று சொல்லுங்கள். பரிசு கிடைத்தால் சந்தோஷம்தான், ஆனால் அத்தைக்குப் பதில் சொல்ல முடியாத ஒன்றை மேடையில் நின்று பேச எனக்கு வராது.


பதில்: காட்பாடி ஜங்ஷன்

தங்கச்சி, முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், பொருள் வடிவமைப்பு வேலையில் இருப்பதால் இதையெல்லாம் கொஞ்சம் தொடர்ந்து பார்த்திருக்கிறேன்.

நிலைத்தவை இருக்கின்றன. நீ கட்டாயம் படிக்க வேண்டியது எம்ப்ரேஸ் என்ற குழந்தை உறையின் கதை. 2007-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், மிகக் குறைந்த விலையில் பொருள் வடிவமைப்பது பற்றிய ஒரு வகுப்பு. குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டரை மலிவாகச் செய்து காட்டு என்று ஒரு டீமுக்குக் கொடுத்தார்கள். மலிவு என்றவுடன் எல்லோரும் பாகங்களைக் குறைப்பதைப் பற்றித்தானே யோசிப்போம். அந்த டீமில் ஒருவர் நேபாளம் போய்ப் பார்க்கிறார், காத்மாண்டு ஆஸ்பத்திரியில் தானமாக வந்த இன்குபேட்டர்கள் சும்மா கிடக்கின்றன. விசாரித்தால், குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை தொலைதூரக் கிராமத்து வீடுகளில் பிறக்கின்றன, ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேருவதே இல்லை. அங்கேதான் அவர்களுடைய கேள்வியே மாறியது. மலிவான இன்குபேட்டரை விட்டுவிட்டு, கரண்ட் இல்லாத வீட்டில் ஒரு தாய் குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்க என்ன வேண்டும் என்று யோசித்தார்கள். மெழுகு போன்ற ஒரு பொருளை உருக்கி ஒரு பையில் வைத்து, அதைக் குழந்தையைச் சுற்றும் உறைக்குள் செருகிவிட்டால் 37 டிகிரியில் மணிக்கணக்காகச் சூடு நிற்கிறது. அதைச் செய்தவர்கள் படிப்பு முடிந்து இந்தியாவுக்கே வந்து, பெங்களூரில் இருந்துகொண்டு வேலை பார்த்தார்கள்.

அதில் இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதலில் அதில் வெப்பநிலையைக் காட்டும் எண் இருந்தது. கிராமத்தில் ஒரு தாயிடம் கேட்டபோது, இங்கிலீஷ் மருந்து எல்லாம் பவர் அதிகம், அதனால் 37 வை என்றால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று நான் 30-தான் வைப்பேன் என்றாராம். உடனே எண்ணை எடுத்துவிட்டு, சரி, சரியில்லை என்று மட்டும் காட்டும்படி மாற்றினார்கள். எந்த லேபிலும் இது தெரிய வந்திருக்காது.

அதே வகுப்பிலிருந்து வந்ததுதான் டி.லைட் சோலார் விளக்கும். அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர் ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டில் தொண்டு வேலையில் இருந்தபோது, பக்கத்து வீட்டுப் பையனுக்கு மண்ணெண்ணெய் விளக்கால் தீக்காயம் பட்டதைப் பார்த்தவர். அதற்குப் பிறகுதான் அந்த வகுப்புக்கே வருகிறார்.

நிலைக்காததும் சொல்ல வேண்டும். 2008 வாக்கில் ஹார்வர்டு மாணவிகள் நான்கு பேர் சாக்கெட் என்று ஒரு கால்பந்து செய்தார்கள். விளையாடினால் உள்ளே மின்சாரம் சேரும், ராத்திரி அதில் விளக்கைச் செருகிப் படிக்கலாம். உலகம் முழுக்கப் பாராட்டினார்கள், பெரிய தலைவர்கள் எல்லாம் அதை உதைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு மெக்சிகோவில் கொடுத்த பந்துகள் பல சில மாதங்களிலேயே வேலை செய்யாமல் போனதாகச் செய்தி வந்தது. சாதாரண சோலார் விளக்கு அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த மாணவிகளின் நல்ல எண்ணத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பார்த்தவுடன் கைதட்ட வைக்கும் பொருளுக்கும், ஒரு வீட்டில் தினமும் பயன்படும் பொருளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உன் மூன்றில் என்னைக் கேட்டால் டிரையர்தான். செய்ய எளிது, வேலை செய்கிறதா என்று அளந்து காட்டலாம், யாருடைய வேலையும் போகாது. ஆப்பைப் பற்றியும் யோசி, பீடி சுற்றுபவர்களுக்கு ஏஜென்டைத் தாண்டி வேறு வாங்குபவர் கிடைத்தால் நல்லதுதானே.


பதில்: பேர்ணாம்பட்டுக்காரி

காட்பாடி அண்ணா, எம்ப்ரேஸ் விஷயம் நல்லா சொன்னீங்க, ஆனால் கடைசி வரியை ஒத்துக்கொள்ள முடியாது. பீடியை ஆப்பில் யாரிடம் விற்பது? இலையும் தூளும் கம்பெனியுடையது, லேபிள் கம்பெனியுடையது, சுற்றுபவருக்கு விற்க என்று ஒரு பீடிகூடச் சொந்தமில்லை. எங்கள் அம்மா பீடி சுற்றித்தான் என்னையும் என் தங்கையையும் படிக்க வைத்தார், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அந்தப் பெண்ணுக்குப் பயன்படட்டும்.

ஏஜென்ட் ஆயிரம் பீடிக்கு என்று கணக்குப் போட்டு இலையும் தூளும் நூலும் தருவார். இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா பக்கத்துக் காடுகளிலிருந்து வருவது. அதை ராத்திரியே நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும், காலையில் தகட்டை வைத்து அளவாகக் கத்தரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முறத்தை மடியில் வைத்துச் சுற்றுகிற வேலை, தலை மடக்கி, நூல் கட்டி, கட்டுக் கட்டாகச் சேர்த்து, சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கை ஓடுகிறவர்கள் ஒரு நாளில் ஆயிரம் வரை சுற்றுவார்கள், அதற்கே சமையல், தண்ணீர், பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் காலையிலிருந்து இருட்டும் வரை ஆகும்.

இப்போது பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஆயிரம் பீடிக்கு அரைக் கிலோவுக்கு மேல் இலை வேண்டும். தருகிற இலை எடையில் கொஞ்சம் குறையும், இல்லை என்றால் எடை சரியாக இருக்கும், ஆனால் பாதி இலை ஓட்டையும் நரம்பும் காய்ந்ததுமாக இருக்கும். ஆயிரம் வராது. வராவிட்டால் என்ன செய்வது? கடையில் சொந்தக் காசு போட்டு இலை வாங்கி ஆயிரத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் மாதாமாதம் இதற்கென்று ஒரு செலவு இருந்தது, அம்மா அதை மளிகைக் கணக்கோடு சேர்த்தே எழுதுவார். கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில் அடுத்தது. கையில் எடுத்துப் பார்த்து, இது லூசு, இது குட்டை என்று ஒரு கையளவைக் கழித்துப் போடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது, கழித்த பீடியும் திரும்பி வராது. அது அப்புறம் எங்கே போகிறது என்று கேட்டால் அடுத்த நாள் இலை கிடைக்காது.

பாரும்மா, இதில் கை வேகம் எங்கேயாவது குறையாக இருக்கிறதா? எங்கள் அம்மாக்களுக்குச் சுற்றத் தெரியாமல் வறுமை வரவில்லை. மெஷின் கொடுத்து ஆயிரத்தை ஆயிரத்து ஐந்நூறு ஆக்கினால், குறைவாக வரும் இலையும் அதே அளவுக்குக் கூடும், கழிப்பதும் கூடும், ஆயிரத்துக்கான கூலியைக் குறைத்தாலும் கேட்க ஆள் இருக்காது. உன் அத்தை கேட்டது நூற்றுக்கு நூறு சரி.

என்ன செய்யலாம் என்றால், இலை வாங்கும்போது எடை போட்டு எழுதிக்கொள்ள ஒரு வழி. நல்ல இலை எவ்வளவு, ஓட்டை இலை எவ்வளவு, எத்தனை கழித்தார்கள் என்று தேதி போட்டு ஒரு பதிவு. 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவரும் தொழிலாளி என்றுதான் இருந்தது, இலை கொடுப்பதில் வரும் தகராறையும் கழித்த பீடிக்கான கூலித் தகராறையும் முறையிட்டுத் தீர்க்க அதில் வழி வைத்திருந்தார்கள். ஆனால் முறையிடப் போனால் கையில் ஒரு தாள் இருக்க வேண்டாமா? எங்கள் அம்மாவிடம் நாக்கு நுனியில் எல்லாக் கணக்கும் இருந்தது, தாளில் ஒன்றும் இல்லை. பிஎஃப் கணக்கிலும் இதே கதைதான். வேறு ஒருவர் பேரில் கணக்கு ஓடுவதும், பீடித் தொழிலாளி அட்டை இல்லாததால் பிள்ளைகளுக்கு வர வேண்டிய உதவித்தொகை வராமல் போவதும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.


பதில்: ஒடுகத்தூர் மலையடி

டிரையர் பற்றி. நான் அணைக்கட்டு தாலுகா, மலைக்கு அடிவாரம், பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை பக்கமெல்லாம் வேலையாகப் போய் வருபவன்.

புளியைக் காயவைக்கப் பாறை இருக்கிறது, வெயில் இருக்கிறது, புளி எடுக்கும் மாசி, பங்குனியில் மழையும் கிடையாது. சாமைக்கு டிரையரால் கொஞ்சம் உபயோகம் உண்டு, அறுவடை சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால் கஷ்டம்தான். ஆனால் மலைக்காரர் சாமையில் நஷ்டப்படுவது காயவைப்பதில் இல்லை, உமி நீக்குவதில். சாமை ரொம்பப் பொடி, தோல் கெட்டி. உரலில் போட்டுக் குத்தினால் ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பெண்ணின் அரை நாள் போய்விடும். அதனால் தோலோடு மூட்டையாக வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார்கள். அது லாரி ஏறி நாசிக் மில் வரைக்கும் போய் அரிசியாகி, திரும்பி வந்து வேலூர் கடையில் பாக்கெட்டில் தொங்குகிறது. விளைவித்தவர் வீட்டில் ரேஷன் அரிசி. ஜமுனாமரத்தூரில் பழங்குடி விவசாயிகளே உற்பத்தியாளர் நிறுவனம் வைத்து சாமையை அங்கேயே அரிசியாக்கி, புளி, தேன் எல்லாம் சேர்த்து விற்கிறார்கள். அதைப் போய்ப் பார், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்.

மெஷின் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, வேளாண் பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. மேலே கொண்டுபோய் வைத்த பிறகு நடப்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. சில ஊர்களில் த்ரீ ஃபேஸ் கரண்ட் வராது. பேரிங் போனால், சல்லடை கிழிந்தால், பெல்ட் அறுந்தால், கீழே ஒடுகத்தூருக்கோ வேலூருக்கோ யாராவது வர வேண்டும், பஸ் காசு, ஒரு நாள் கூலி, அதற்குள் அறுவடை முடிந்துவிடும். மெஷின் மேல் துணி போட்டு மூடி வைத்துவிடுவார்கள். சிங்கிள் ஃபேஸில் ஓடக்கூடிய, உள்ளூர்ப் பையன் ஒருவன் ஸ்பேனர் வைத்துக்கொண்டு தானே பிரித்து மாட்டக்கூடிய, வேலூர் சைக்கிள் கடையிலும் மோட்டார் கடையிலும் கிடைக்கும் பாகங்களை மட்டும் வைத்துச் செய்த ஒரு மெஷின் இருந்தால் அது பெரிய விஷயம். மெக்கானிக்கல் படிக்கும் நான்கு பேருக்கு இதைவிட நல்ல வேலை இருக்கிறதா?

இன்னொன்றும் மனசில் வைத்துக்கொள். 2023 மே மாதம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான ரோடு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் குழந்தை இறந்துவிட்டது, திரும்பி வரும்போது ஆம்புலன்ஸ் பாதியில் இறக்கிவிட, தாய் உடலைக் கையில் ஏந்தி நடந்தே மேலே போனார். பேப்பரில் எல்லாம் வந்தது. அதற்குப் பிறகு மாணவர்கள் சிலர் ட்ரோனில் விஷமுறிவு மருந்து அனுப்பலாம் என்று பேசுவதைக் கேட்டேன். விஷமுறிவு மருந்தை டாக்டர் பார்த்து நரம்பில் ஏற்ற வேண்டும், ஒவ்வாமை வந்தால் சமாளிக்க ஆள் வேண்டும், மேலே அனுப்பி என்ன பயன்? அங்கே அன்றைக்கு வேண்டியிருந்தது ரோடு. ரோடு போட வனத்துறை அனுமதி வேண்டும், அதைக் கேட்டு அலைய ஆள் வேண்டும். எது மாணவர்கள் செய்யக்கூடியது, எது சர்க்கார்தான் செய்ய வேண்டியது என்று பிரித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.


பதில்: கே.வி.குப்பம் நர்ஸ்

எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க. நான் கிராம சுகாதார வேலையில் பல வருடம் இருந்து ரிட்டயர் ஆனவள், இரண்டே விஷயம் சொல்கிறேன், பாப்பா.

எங்கள் ஊரில் 1977-ல் வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரி ரூசா என்ற கிராம சுகாதார, சமூக நலப் பிரிவைத் தொடங்கியதிலிருந்தே மருத்துவத்தோடு தொழில் பயிற்சி, விவசாயம், பெண்கள் குழு எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்தார்கள், ஏனென்றால் மாத்திரை கொடுத்து அனுப்பினால் அதே வீட்டிலிருந்து அதே நோயோடு மறுபடியும் வருவார்கள். சிஎம்சி மாணவர்களைப் படிப்பின் ஆரம்பத்திலேயே கிராமத்தில் தங்கவைப்பார்கள். வீடு வீடாகப் போய், எத்தனை பேர், என்ன சாப்பாடு, தண்ணீர் எங்கிருந்து, கடன் எவ்வளவு என்று குறித்துக்கொள்வார்கள். நிறைய பிள்ளைகளுக்கு அங்கேதான் கண் திறக்கும். இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு ஏன் இல்லை என்று எனக்கு எப்போதும் ஒரு ஆதங்கம்.

கணக்கெடுப்பைச் சாதாரணமாக நினைக்காதே. வங்கதேசத்தில் ஏழைகளுக்குச் சின்னச் சின்னக் கடன் கொடுக்க யூனுஸ் கிராமின் வங்கி தொடங்கினாரே, அதற்கு ஆரம்பமே ஒரு பட்டியல்தான். அவர் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், பக்கத்து ஊர் ஜோப்ரா. அங்கே ஒரு பெண் மூங்கில் முக்காலி பின்னுகிறார், மூங்கில் வாங்கக் காசில்லாமல் வியாபாரியிடம் கடன், அதனால் பின்னியதை அவர் சொன்ன விலைக்கு அவரிடமே கொடுக்க வேண்டும். இப்படி இன்னும் எத்தனை பேர் என்று தன் மாணவி ஒருவரைக் கணக்கெடுக்கச் சொன்னார். 42 பேர், எல்லோருக்கும் சேர்த்துத் தேவைப்பட்டது 27 டாலர். 1976-ல் நடந்தது. பேர்ணாம்பட்டு அம்மா எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த மூங்கில்தான் ஞாபகம் வந்தது, இங்கே மூங்கிலுக்குப் பதில் இலை. (கடன் கொடுத்தாலே போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாரக் குழுக் கடன் கட்ட முடியாமல் ஒளிந்து வாழும் குடும்பங்களையும் நம் பக்கத்தில் பார்த்திருக்கிறேன்.)

நிதி ஆயோக் 2023-ல் வெளியிட்ட கணக்கில், பல வகையிலும் வறுமையில் இருப்பவர்கள் நாடு முழுக்க 14.96 சதவீதம், தமிழ்நாட்டில் 2.20 தான். உங்கள் நடுவர்கள் இதை எடுத்துக் காட்டி, அங்கேதான் வறுமையே இல்லையே என்று கேட்கலாம். ரேஷன் அரிசி, சத்துணவு, அரசு ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்து செய்த நல்ல காரியம் அந்த எண். ஆனால் நம் ஊரில் இப்போது ஏழ்மை பசியாகத் தெரியாது. வேலை பார்க்கும் ஒருவர் மூன்று மாதம் படுத்தால் நகை போய், அடுத்து வீட்டுப் பத்திரம் போய், அப்புறம் பெண் பிள்ளையின் படிப்பு நிற்கும். அதைப் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். பீடித் தூள் சுவாசத்துக்குக் கெடுதல், கைக்குழந்தை பக்கத்திலேயே படுத்திருக்கும், இருமல், இடுப்பு வலி, கண் எரிச்சல் எல்லாம் நான் தினமும் பார்த்தது. புகைப்பவருக்கு வருவது வேறு. இந்தத் தொழிலை நன்றாக நடத்த உதவுவதைவிட, இதிலிருந்து வெளியே வர உதவுவதுதான் சரி என்று என் மனசுக்குப் படுகிறது.


பதில்: பேர்ணாம்பட்டுக்காரி

நர்ஸம்மா, கோபமே இல்லை. எங்கள் அம்மாவுக்கும் அந்த இருமல் இருக்கிறது. வெளியே வர வேண்டும் என்றுதான் எங்கள் இரண்டு பேரையும் முறத்தைத் தொடவிடாமல் வளர்த்தார். ஆனால் வெளியே வருவதற்கே கையில் கொஞ்சம் பணம் வேண்டும். தையல் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றால் அந்த மாதம் அடுப்பு எப்படி எரியும்? ஐம்பது வயதில் ஷூ கம்பெனியில் யார் எடுப்பார்கள்? இலையில் போகும் காசு நின்றால் அதுதான் மகளின் பஸ் பாஸ், ஹாஸ்டல் ஃபீஸ். பீடியை ஆதரிக்கச் சொல்லவில்லை, சுற்றியதற்கு முழுக் கூலியைக் கேட்கிறேன்.


பதில்: மெக் மூணாம் வருஷம், குடியாத்தம்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இதை அப்படியே டீமுக்கு வாசித்துக் காட்டினேன், பெரிய விவாதம் நடந்தது. பீடி மெஷினை விட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டோம், ஆப்பையும். சாமை மெஷினா, இலை எடைப் பதிவா என்பதில்தான் இன்னும் இரண்டு கட்சி. மலையடி அண்ணன் சொன்னதைக் கேட்டதும் டீமில் ஒருவன் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை எடுத்து வரையவே ஆரம்பித்துவிட்டான், அது அவனுக்கு. எனக்கு எங்கள் தெருதான்.

ஒரு டிஜிட்டல் தராசு, அதில் இலைக்கட்டை வைத்ததும் எடையைத் தமிழில் பேசும், தேதியோடு சின்னச் சீட்டு அச்சாகி வரும், போன் வேண்டாம். விலை இரண்டாயிரத்துக்குள் வருமா என்று பார்க்கிறோம். அத்தையிடம் இதைச் சொன்னேன், இந்த முறை கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு சொன்னார்: “நான் ஒருத்தி தராசு எடுத்துட்டுப் போனா நாளைக்கு எனக்கு எல இல்ல.” இதற்கு என்ன செய்வது?


பதில்: பேர்ணாம்பட்டுக்காரி

அத்தை சொல்வதுதான் நிஜம். தனியாக யாரும் எடுத்துப் போகக் கூடாது. உங்கள் தெருவில் மகளிர் சுய உதவிக் குழு இருக்கும், பீடித் தொழிலாளர் சங்கமும் குடியாத்தத்தில் இருக்கிறது. தராசு குழுவுடையதாக இருக்கட்டும், ஒரு வீட்டுத் திண்ணையில் நிரந்தரமாக இருக்கட்டும். ஏஜென்டிடம் சண்டை போடாமல், இலை வாங்கிக்கொண்டு வரும் வழியில் எல்லோரும் அங்கே வைத்து எடை போட்டு எழுதிவிட்டுப் போகட்டும். முதல் சில மாதம் யாரிடமும் எதுவும் கேட்கவே வேண்டாம். தெரு முழுக்க நாற்பது, ஐம்பது வீட்டுக் கணக்கு ஒரே நோட்டில் சேர்ந்த பிறகு சங்கத்து ஆட்களோடு போய்ப் பேசலாம். ஐம்பது பேருக்கும் ஒரே நாளில் இலை இல்லை என்று சொல்ல முடியாது, சொன்னால் கம்பெனிக்குச் சரக்கு போகாது.

அச்சுச் சீட்டு வேண்டுமா என்று அவர்களையே கேள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை எல்லா வீட்டிலும் இருக்கிறது, நோட்டும் பேனாவும் போதும் என்றால் அந்தக் காசும் மிச்சம்.


பதில்: ஆரணி ரோடு

தொழிலாளர் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஒரு சின்ன விஷயம் மட்டும். நீங்களே தராசு செய்தால் அதன் எடையை எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளாது, உன் தராசு தப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எடையளவுச் சட்டப்படி சரிபார்த்து முத்திரை போட்ட தராசாக இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் அந்த முத்திரை வேலை தொழிலாளர் துறையிடம்தான் இருக்கிறது. அதனால் தராசைக் கடையில் முத்திரையோடு வாங்கிவிடுங்கள், வருடா வருடம் மறுமுத்திரை போட்டு அந்தச் சான்றிதழைத் தராசுக்குப் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள். பேசுவது, பதிவது, அச்சடிப்பது எல்லாம் அதனோடு தனியாக இணையும் ஒரு பெட்டியாகச் செய்யுங்கள், தராசைப் பிரிக்காதீர்கள், சீல் உடைந்தால் செல்லாது. இலை நனைத்த பிறகு எடை கூடிவிடும், அதனால் எடை போடுவது நனைப்பதற்கு முன்னால்தான் இருக்க வேண்டும், ஓட்டை இலையைப் பிரித்து இரண்டாவது எடையும் அப்போதே எடுத்துவிடச் சொல்லம்மா.